சவரி பிடித்த முனை

“ஏன் மாமா, நீங்க மட்டும் எப்பப் பாத்தாலும் கயித்தையே புடிச்சிகினு நிக்கிறீங்க? நூலத் தொட மாட்டீங்களா?”

அஞ்சுகம் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. விடிந்தும் விடியாத நேரம். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவளுடைய அப்பா லோகநாதனின் பட்டுப் பாவு, தறியில் ஏறப்போகும் நீள இழைகளாக, விரிந்து கிடந்தது. இரண்டு பக்கமும் தெருக்காரர்கள் குனிந்து நின்று இழைகளைப் பிரித்துவிட்டார்கள், அறுந்ததைத் தேடி முடிச்சுப் போட்டார்கள். ஒரு வீட்டுப் பாவுக்கு எல்லா வீட்டுக் கைகளும் வேண்டும். முறை வைத்து ஒருவருக்கொருவர் கை கொடுப்பது ஆரணியின் அந்தத் தெருவில் வழக்கம்.

பாவின் கடைசியில் இழைகளெல்லாம் ஒன்றாகி ஒரு கயிற்றில் முடியும். அந்தக் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவர் சவரிராஜ். அவர் தெருக்காரர் அல்ல, ஆற்றங்கரைக் காலனிக்காரர். நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் வேலை. விடியற்காலையில் தோளில் நீளச் சாவியோடு வருவார். தெருமுனைக் குழிக்குள் சாவியை விட்டுத் திருகுவார். குழாய்களில் தண்ணீர் வரும். அதை மூடும் நேரம்வரை அவருக்கு அங்கே வேலை இல்லை. வேலை இல்லாமல் நிற்க அவருக்குத் தெரியாது. அதனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். எந்த வருஷம் பிடிக்க ஆரம்பித்தார் என்று யாருக்கும் நினைவில்லை.

கயிற்றைப் பிடிக்கலாம். நூலைத் தொடக் கூடாது. அப்படி யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அந்தக் குழந்தை ஒருத்தியைத் தவிர.

தெரு முழுக்க ஒரு கணம் கைகள் நின்றன.

சவரிராஜ் சிரித்தார். “உங்க நூலுக்கு என்னக் கண்டா வெக்கம் பாப்பா. மாப்பிள்ளயப் பாத்த பொண்ணு கணக்கா உள்ள ஓடிப்பூடும். அதான் தூரமா நிக்கிறேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். தப்பித்தோம் என்கிற சிரிப்பு. லோகநாதன் மட்டும் அறுந்த இழையைத் தேடுவதுபோல இன்னும் கீழே குனிந்துகொண்டார்.

அஞ்சுகம் வளர்ந்து ஏழாம் வகுப்புக்குப் போன வருஷம், தை மாதத்தில் ஒரு காலை, சவரிராஜ் அதே தெருவில் அதே குழியின் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டியில் ஏற்றுவதற்குள் உயிர் போய்விட்டது. அன்று அந்தத் தெருவில் உச்சிப்பொழுதுவரை தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மூடுவதற்கு ஆள் இல்லை.

*

அடக்கம் முடிந்த மறுநாள் மாலை கெங்கம்மாளின் இட்லிக் கடையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கெங்கம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். லோகநாதன் பெஞ்சில். அவருக்கு எதிரே தாவீது வாத்தியார், மிஷன் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுப்பவர். சவரிராஜ் உயிரோடு இருந்தபோது தினமும் இந்த நேரத்தில் நாலு பேராக இருப்பார்கள். பேச்சு முழுக்க அவருடையதாக இருக்கும்.

“காலையில பாவு விரிச்சாங்களா?” என்று தாவீது கேட்டார்.

“விரிச்சாங்க. சிவப்பிரகாசம் சித்தப்பா வூட்டுப் பாவு. கயிறு புடிக்க ஆளு இல்ல. ‘கயிறு புடிக்க ஒரு ஆளப் பாக்கணும்’னாரு. அவ்ளோதான். தெருவுல சவரியப் பத்திப் பேசுனது அந்த ஒரு பேச்சுதான்” என்றார் லோகநாதன்.

கெங்கம்மாள் தலையை ஆட்டினாள். “மாடு செத்தாக்கூட அத்தப் பத்தி நாலு வார்த்த பேசுவாங்க.”

பிறகு தாவீதுதான் ஆரம்பித்தார்.

“மெமோ வந்தத நெனச்சுப் பாத்தேன்.”

கெங்கம்மாளுக்கு அழுகையிலும் சிரிப்பு வந்தது. சவரிராஜ் பேசிக்கொண்டே நின்று ஒரு தெருவில் அதிக நேரம் தண்ணீரை விட்டுவிடுவார். அடுத்த தெருக்காரர்கள் காலிக் குடத்தோடு நகராட்சிக்குப் போவார்கள். அங்கிருந்து மெமோ வரும். அதை அவர் இந்தக் கடைக்கு எடுத்துவந்து, தாவீதின் கையில் கொடுத்து, பூசையில் வாசகம் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசிக்கச் சொல்லுவார். முடிந்ததும், “ஆமென்” என்று சொல்லிவிட்டு இட்லி கேட்பார்.

“அந்தாளு பேச்சால எத்தினி கல்யாணம் ஆயிருக்கும்” என்றாள் கெங்கம்மாள். “எந்த வூட்ல பொண்ணு, எந்த வூட்ல பையன், எல்லாம் தெரியும். தேவிகாபுரத்து வரன என் தங்கச்சி பொண்ணுக்குச் சொன்னதே அவருதான். கொழாய் சாவியத் தோள்ல வச்சிகினு வந்து, ‘கெங்கா, பையன் நல்லவன், காது மட்டும் கொஞ்சம் பெரிசு’ன்னாரு. போயிப் பாத்தா நெசமாவே காது பெரிசு.”

“வாத்யாரே, பள்ளிக்கூடத்துக் குழாய்?” என்றார் லோகநாதன்.

“மத்தியானத்துக்குப் பசங்க குடிக்கத் தண்ணி இருக்கணும்னு தனியா வந்து தொறந்துட்டுப் போவான். அது அவன் வேலையே கெடையாது. ஏன்டா இப்பிடி அலையறன்னு கேட்டா, ‘தண்ணி என்னுது இல்ல, ஆண்டவருது, சாவி மட்டுந்தான் முனிசிபாலிட்டியுது’ம்பான்.”

கெங்கம்மாளுக்கு இன்னொன்று நினைவு வந்தது. “மழையில ஒரு நாளு மேல் சட்ட இல்லாம வந்து நின்னாரே, ஞாபகம் இருக்குதா? ஐப்பசி மாசம். எங்கயா உன் சட்டன்னா, காத்துல பூடுச்சுன்னாரு. காக்கிச் சட்டைய எந்தக் காத்துயா கொண்டுபோவும்னு நானும் கேட்டுகினே இருந்தேன். சாவுற வரைக்கும் சொல்லல.”

“அவன் சொல்லாத விஷயம் அது ஒண்ணுதான்” என்றார் தாவீது.

மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் லோகநாதன் எதையோ கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல விரல்களை மடக்கினார்.

“முப்பதாம் நாள் பூச என்னிக்கு வருது?”

தாவீது சொன்னார்.

“அன்னிக்கு என் பாவு முறை” என்றார் லோகநாதன். “சவரி சம்சாரம் பாக்கியத்தக் கூப்பிட்டு கை முடிச்சு போடச் சொல்லப் போறேன்.”

கெங்கம்மாள் ஆட்டுக்கல்லை விட்டு எழுந்துவிட்டாள்.

கை முடிச்சு என்பது அந்தத் தெருவில் வழிவழியாக நடப்பது. நெய்கிறவர் ஒருவர் இறந்தால், துக்கம் கழிந்ததும் அவர் மனைவியோ பிள்ளையோ சிநேகிதர் ஒருவரின் பாவில் ஒரு இழையை முடிந்துவிடுவார்கள். மனுஷன் போனாலும் அவன் கை தெருவை விட்டுப் போகவில்லை என்று அதற்கு அர்த்தம். தெருக்காரர்களுக்கு மட்டுமே அந்த மரியாதை. காலனிக்காரர் ஒருவருக்கு அது நடந்ததில்லை. நடக்கலாம் என்று யாரும் நினைத்ததுகூட இல்லை.

“லோகு, யோசிச்சுப் பேசு” என்றாள் கெங்கம்மாள்.

“ஏழு வருசமா யோசிச்சிகினு இருக்கேன்க்கா. எம் பொண்ணு கேட்டதுக்கு அவன் ஒரு வெளயாட்டுப் பதில் சொன்னான். நான் சொல்ல வேண்டிய பதில் பாக்கி.”

*

தெருவின் நாட்டாண்மைக்காரர் சிவப்பிரகாசம். தெருவில் பாதித் தறிகளுக்கு நூல் கொடுப்பவரும் அவரே. லோகநாதனின் பாவும் அவர் கொடுத்த நூல்தான். ஒரு கல்யாண வீட்டுக்கான முகூர்த்தச் சேலைகள் அந்தப் பாவில் இருந்தன. அவர் கெட்ட மனிதர் அல்ல. பெரிய குரலில் பேசமாட்டார். கார்த்திகையில் எல்லாத் தறிக்காரர் வீட்டுக்கும் எண்ணெய் கொடுத்தனுப்புவார். முறை என்று ஒன்று இருப்பதால்தான் தெரு தெருவாக இருக்கிறது என்று நம்பியவர்.

லோகநாதன் வந்து விஷயத்தைச் சொன்னபோது அவர் நூல் சிட்டத்தைத் தராசில் வைத்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

“சவரி நல்லவன். நான் இல்லேன்னு சொல்லல” என்றார். “பாக்கியமேரிக்கு என்ன வேணுமோ சொல்லு, செய்யலாம். பிள்ளைக்கு ஒரு வேல வேணுமா, முனிசிபாலிட்டில பேசறேன். கை முடிச்சு வேணாம்.”

“அவன் செத்தது நம்ம தெருவுல, சித்தப்பா.”

“செத்த எடத்த வச்சா முற?”

“நின்ன எடத்த வச்சுப் பாருங்க. நம்ம தெருவுல எந்தப் பாவுக்கு அவன் நிக்கல? உங்க பாவுக்கும்தான் நின்னான்.”

சிவப்பிரகாசத்தின் முகத்தில் ஏதோ வந்து போனது. அவர் தராசைக் கீழே வைத்தார்.

“கயிறுதான புடிச்சான்” என்றார்.

“கயிறு வுட்டா பாவு நிக்குமா?”

“பேச்சுக்குப் பேச்சு பேசாத லோகு. இது எந்நூலு. காலனிக் கை பட்ட பாவ நான் சேலையா எடுத்துக்க மாட்டேன். கல்யாண வூட்டுக்கு நான் பதில் சொல்லணும். அப்புறம் உனக்கு நூலும் குடுக்க மாட்டேன். அது மட்டுமில்ல, அன்னிக்கு உன் பாவுக்குத் தெருவுல ஒரு கை வராது. ஒருத்தனும் கதவத் தொறக்க மாட்டான்.”

லோகநாதனுக்கு ஒரே ஒரு தறி. அந்தத் தறிக்குச் சிவப்பிரகாசம் கொடுக்கும் நூல் தவிர வேறு நூல் கிடையாது. அது இரண்டு பேருக்குமே தெரியும். லோகநாதன் மேல்துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

“கதவத் தொறக்க வேணாம் சித்தப்பா” என்றார். “தெரு தொறந்துதான் கெடக்குது.”

*

பாக்கியமேரி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. காலனியில் அவள் வீட்டு வாசலில் லோகநாதனும் தாவீதும் நின்றிருந்தார்கள். சுவரில் சாய்த்து வைத்திருந்த குழாய்ச் சாவியை நகராட்சியில் இருந்து இன்னும் யாரும் வந்து வாங்கிப் போகவில்லை.

“வேணாம்ணே. உங்க பொழப்பு கெட்டுப்பூடும். அவரு ஒரு நாளும் அத்தக் கேட்டதில்ல.”

“கேக்கலன்றதுதான் பாக்கியம் எனக்குப் பேஜாரா கீது. கேட்டிருந்தா இல்லேன்னாவது சொல்லியிருப்போம்.”

“கயிறு புடிச்சிட்டு வந்தா சந்தோஷமாத்தான் இருப்பாரு. உள்ளங்கையில கயிறு அறுத்த தடம் இருக்கும். எண்ண வச்சுத் தேச்சா, ‘இன்னிக்கு லோகு பாவு, நல்ல அரக்குக் கலரு’ம்பாரு.” அவள் சற்று நிறுத்தினாள். “கலரு மட்டும் சொல்லுவாரு. பட்டு எப்பிடி இருக்கும், மெத்துனு இருக்குமான்னு நான் ஒரு தடவ கேட்டேன். பேச்ச மாத்திட்டாரு.”

தாவீது தரையைப் பார்த்துக்கொண்டார்.

பாக்கியமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த பிறகு அவள் முகம் வேறாக இருந்தது.

“வரேண்ணே. ஆனா ஒண்ணு. சந்து வழியா வந்து, பின்னாடி நின்னு, யாருக்கும் தெரியாம முடிஞ்சிட்டுப் போவ மாட்டேன். அவரு சாவியத் தூக்கிகினு தெரு நடுவுலதான் நடந்தாரு. நானும் நடுவுலதான் வருவேன்.”

“நடுவுலயே வா” என்றார் லோகநாதன்.

*

முப்பதாம் நாள் காலை சிவப்பிரகாசம் சொன்னபடியே நடந்தது. விடிந்தபோது தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. சன்னல்களும் சாத்தியிருந்தன. தறிச் சத்தம் இல்லை. போளூரிலிருந்து மாற்றலாகி வந்த புதுத் தண்ணீர்க்காரர் குழியில் சாவியைத் திருகிவிட்டு, இது என்ன தெரு என்பதுபோல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சைக்கிளை ஜல்தியாக மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

லோகநாதனும் மனைவியும் அஞ்சுகமும் பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். மூன்று பேரால் அதைப் பிரிக்கக்கூட முடியாது. கெங்கம்மாள் கடையைத் திறக்காமல் வந்திருந்தாள். தாவீது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அப்போது தெருமுனையில் பாக்கியமேரி வந்தாள். வெள்ளைச் சேலை, தெரு நடுவில். அவள் பின்னால் காலனி வந்தது. சவரிராஜின் தங்கை சகாயமேரி, மாதா கோவில் பாட்டுக்காரர்கள், அறுவடை வேலைக்குப் போக வேண்டிய குப்புராஜ், அவன் பெண்டாட்டி செல்லியம்மாள், இன்னும் பெயர் தெரியாத பலர்.

குப்புராஜ் மாதா கோவிலுக்குப் போகிறவன் அல்ல. “சவரி அண்ணன் எங்க மாரியம்மன் திருவிழாவுக்குத் தண்ணி வுட்டாரு, அதுக்கு நான் இங்க வரக்கூடாதா?” என்றான், யாரும் கேட்காமலே.

லோகநாதன் எல்லாரையும் இரண்டு பக்கமும் நிறுத்தினார். இழையை எப்படிப் பிரிப்பது, எங்கே விரலை வைப்பது, எங்கே வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். கடைசி முனைக் கயிற்றைக் கோவில் பாட்டுக்காரர்களிடம் கொடுத்தார். “மெதுவா இழுத்துப் புடிங்க” என்றார்.

அங்கேதான் தவறு நடந்தது. அந்த ஆட்களுக்குக் கயிறு என்றால் மாதா தேர்க்கயிறு. வருஷா வருஷம் அதை இழுத்துப் பழகிய கைகள். பாதத்தை ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒருவன் குரல் கொடுக்க எல்லாருமாக ஒரே இழுப்பு இழுத்தார்கள். பாவு நடுவில் பட்பட்டென்று சத்தம் கேட்டது. இழைகள் கொத்தாக அறுந்து தொங்கின.

லோகநாதனுக்கு முகம் வெளுத்துவிட்டது. கயிற்றுக்காரர்கள் கயிற்றையும் விட முடியாமல் பிடிக்கவும் முடியாமல் விழித்தார்கள்.

“யப்பா, இது தேரு இல்ல, சேல” என்றாள் கெங்கம்மாள். “அந்தோணியாரே வந்து இழுத்தாலும் இப்பிடித்தான் அறும்.”

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். லோகநாதனும் சிரித்துவிட்டார். சாத்திய கதவுகளுக்குப் பின்னால் அந்தச் சிரிப்பு கேட்டிருக்கும். சவரிராஜ் போன பிறகு அந்தத் தெரு காலையில் அப்படிச் சிரித்து யாரும் கேட்கவில்லை.

மறுபடி மெதுவாக இழுத்துப் பிடித்தார்கள். இழை விறைக்கக் கஞ்சி தெளித்தார்கள். நாற்று நடுகிற பெண்களின் விரல்கள் ஆண்களின் விரல்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டன. ஆனாலும் அறுந்தவற்றில் பெரும்பகுதி அறுந்தே கிடந்தது. முடிச்சுப் போடுவது ஒரு காலையில் பழகிவிடுகிற காரியம் அல்ல. தெருக்காரர் கைகள் இருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். லோகநாதனும் அவர் மனைவியும் மட்டும் எத்தனை இழையைத்தான் முடிவது.

லோகநாதன் ஓர் அறுந்த இழையின் இரண்டு நுனிகளையும் எடுத்து நீட்டினார்.

“வா பாக்கியம்.”

பாக்கியமேரி நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். கையைச் சேலையில் துடைத்தாள். நுனிகளை வாங்கினாள். ஒரு கணம் வெறுமனே விரல்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தாள். பிறகு முடிந்தாள். தனக்குத் தெரிந்த முடிச்சு, நாற்றுக்கட்டைக் கட்டுகிற முடிச்சு. பட்டு இழைக்கு அது பெரியது. கெட்டியாக இருந்தது.

அஞ்சுகம் அவள் பக்கத்திலேயே நின்றாள்.

“அத்த, நூலு எங்கயும் ஓடல” என்றாள்.

பாக்கியமேரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அந்தப் பெண்ணின் தலையைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். தாவீது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் ஏதாவது ஜெபம் சொல்லுவார் என்று கெங்கம்மாள் எதிர்பார்த்தாள். அவர், “சவரி, கை சேந்துடுச்சுடா” என்றார். அவ்வளவுதான்.

அப்போது மாதா கோவில் முதல் மணி அடித்தது. முப்பதாம் நாள் பூசை.

லோகநாதனின் மனைவி பாவைப் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கஞ்சி காய்ந்துவிட்டால் அறுந்த நுனிகள் பக்கத்து இழைகளோடு ஒட்டிப் போகும். பிறகு தேடினாலும் கிடைக்காது. பாவு வீண்.

“நீங்க இருந்து முடிங்க. நானும் அஞ்சுகமும் போயிட்டு வரோம்” என்றாள்.

லோகநாதன் கயிற்றை வாங்கிக் கம்பத்தில் கட்டினார். கட்டிவிட்டு ஒருமுறை அந்தப் பாவை நீளமாகப் பார்த்தார். அதில் அவருடைய தறி இருந்தது, அந்த வருஷத்துச் சாப்பாடு இருந்தது.

“என் பாவு ஒவ்வொண்ணும் முடியறவரைக்கும் அவன் நின்னான்” என்றார். “அவன் பூசைக்கு நான் பாவப் பாத்துகினு நின்னா, இந்தக் கை முடிச்சு இன்னாத்துக்கு? போனாப் போவட்டும். வாங்க.”

எல்லாரும் போனார்கள், தெரு நடுவில், பாக்கியமேரி முன்னால். சாத்திய கதவுகளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கெங்கம்மாள் மட்டும் சிவப்பிரகாசத்தின் வீட்டைத் தாண்டும்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

*

தெருவில் பாவு மட்டும் தனியாகக் கிடந்தது.

சிவப்பிரகாசம் சன்னல் இடுக்கு வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்தே அங்கேதான் நின்றார். அவர் வீட்டார் பின்கட்டில் இருந்தார்கள். மற்ற வீடுகளிலும் அப்படித்தான். அவர் சொன்னதால் சாத்திய கதவுகள். அவர் சொல்லாமல் திறக்காது.

அவருக்குப் பின்னால் சுவரோரம் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. அதன் அடியில், பழைய வேட்டிகளுக்குக் கீழே, ஒரு காக்கிச் சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் கையாலேயே துவைத்து மடித்தது. மனைவிக்குக்கூட அது தெரியாது.

ஓர் ஐப்பசி மாதம். அன்று சாமி புறப்பாடு. தெருவே கோவில் வாசலில் நின்றது. அவருடைய பாவு கடைசியாகக் காய்வதற்காகத் தெருவில் கிடந்தது. அவர் கோவிலுக்குள் போன கொஞ்ச நேரத்தில் மழை இறங்கிவிட்டது. ஓடிவந்து பார்த்தபோது சவரிராஜ் பாவு முழுவதையும் இரண்டு கைகளாலும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறவாரத்துக்கு அடியில் நின்றிருந்தார். போட்டிருந்த சட்டையைக் கழற்றிப் பட்டின் மேல் போர்த்தியிருந்தார். மழை அவர் முதுகில் விழுந்தது. பாவில் ஒரு சொட்டு இல்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீங்க பாக்கல முதலாளி, நானும் தொடல” என்று சவரிராஜ் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பாவைச் சிவப்பிரகாசத்தின் கையில் மெதுவாக மாற்றிக் கொடுத்துவிட்டு, வெறும் மேலோடு மழையில் இறங்கிப் போனார். சட்டை பாவோடு வந்துவிட்டது.

அந்தப் பட்டு சேலையானது. ஒரு மணப்பெண் அதைக் கட்டிக்கொண்டாள். ஒரு குறையும் வரவில்லை. சிவப்பிரகாசம் அதை யாரிடமும் சொல்லவில்லை. சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் பலமுறை எடுத்தார். கொடுத்தால் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். மறுநாள் காலை சவரிராஜ் வழக்கம்போல வந்து, வேறு சட்டையில், கயிற்றின் முனையில் நின்றார். ஒரு பார்வையாலும் அதை அவர் நினைவூட்டவில்லை. நினைவூட்டியிருந்தால் சிவப்பிரகாசத்துக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும். செய்த நன்மையை மறந்துவிடுகிறவரிடம் என்ன சொல்லித் தீர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

தீர்க்கும் முன்பே ஆள் போய்விட்டார். ‘கயிறுதான புடிச்சான்’ என்று தன் வாயாலேயே சொல்லியும் ஆயிற்று.

வெயில் பாவின் ஒரு பாதிக்கு வந்துவிட்டது. அவர் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கினார்.

தெருவில் ஒரு காக்கை கூட இல்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். அறுந்த இடத்தில் குந்தி உட்கார்ந்தார். நாட்டாண்மை ஏற்ற பிறகு அவர் இன்னொருவர் பாவுக்குக் குந்தியதில்லை. முழங்கால் வலித்தது. விரல்கள் மறக்கவில்லை. ஒரு நுனியை எடுப்பார், அதன் இணையைத் தேடுவார், கட்டைவிரல் நகத்தில் ஒரு திருகு, அடுத்தது. காலனி ஆட்களின் விரல் ஈரம் இன்னும் காயாத இழைகள். அவர் கையும் அதே கஞ்சியில் நனைந்தது. தரையில் பட்ட வேட்டியின் ஓரத்தில் புழுதி ஏறியது. ஒன்றையும் விடாமல் முடிந்துகொண்டே போனார். தூரத்தில் கோவிலில் பாட்டு நின்று, மணி அடித்து, மறுபடி பாட்டு வந்தது.

நடுவில் ஓர் இடத்தில் அவர் கை நின்றது. இழைகளுக்கு நடுவே பெரிய முடிச்சு ஒன்று. நாற்றுக்கட்டு முடிச்சு. அது யார் போட்டது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சன்னல் இடுக்கில் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். இப்படி ஒரு முடிச்சு சேலையில் தெரியும். எந்த நெசவுக்காரனும் அதை அவிழ்த்துவிட்டுச் சின்னதாகத் திரும்பப் போடுவான். அவர் பழக்கத்தில் நகத்தைக் கொண்டுபோனார். நகம் முடிச்சைத் தொட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

அவர் அதை அவிழ்க்கவில்லை. விரலால் ஒருமுறை தடவிவிட்டு அடுத்த இழைக்குப் போனார்.

கடைசி இழையும் முடிந்தபோது கஞ்சி காய ஆரம்பித்திருந்தது. எழுந்து பாவின் கடைசி முனைக்கு நடந்தார். கம்பத்தில் கட்டியிருந்த கயிறு தளர்ந்திருந்தது. அவிழ்த்து, இரண்டு கையாலும் பிடித்து, பாவு நேராக நிற்கும் அளவுக்கு மெதுவாக இழுத்தார். உடனே கட்டிவிடவில்லை. வெயிலில், சாத்திய கதவுகளுக்கு நடுவே, தெருவின் கடைசியில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளங்கையில் கயிறு அறுத்தது.

பூசை முடிந்த மணி கேட்டது. அவர் கயிற்றைக் கம்பத்தில் இறுக்கிக் கட்டினார், செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவை மறுபடி சாத்திக்கொண்டார்.